திண்டுக்கல்காரனுக்கு ஒரு பூட்டுக் கதை

திருமங்கலம்
ஞாயிறு ராத்திரி

அன்புள்ள மாப்ள,

இங்கே எல்லாரும் நலம். லேப்டாப் வாங்கின கதையைப் போனில் கேட்டாய். பஸ் இரைச்சலில் சொல்லி மாளாது என்றுதான் எழுதுகிறேன்.

மகளின் காலேஜ் வேலைக்கென்று மதுரையில் ஒரு செகண்ட் ஹேண்ட் கடையில் எடுத்தேன். பன்னிரண்டாயிரம் சொன்னான், பத்தரைக்கு முடித்தேன். கடையில் திரை எரிந்தது, ஃபேன் சுற்றியது, எனக்கு அது போதும். வீட்டுக்கு வந்து போட்டால் முன்னாடி வைத்திருந்தவர் பேரும் பாஸ்வேர்ட் கட்டமும் வந்து நிற்கிறது. எதையோ தப்பாக அடித்தேன். கீழே ஒரு குறிப்பு வந்தது, இங்கிலீஷ் எழுத்தில் தமிழ்: "பாப்பா பொறந்த நாள்".

"ஒவ்வொரு தேதியா அடிச்சுப் பாப்போமாப்பா" என்றாள் மகள். நாலைந்து அடித்தும் பார்த்தோம், மறைப்பானேன். அப்புறம் கூச்சமாகிப்போச்சு, மூடி வைத்துவிட்டேன்.

மறுநாள் எதிர்வீட்டுத் தம்பி வந்தான். "விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடியே பாஸ்வேர்ட் கேட்டா அது பயாஸ் பூட்டுண்ணே, ஆன் பண்ணினதும் முதல்ல ஓடுற புரோகிராமோட பூட்டு. டெஸ்க்டாப்னா உள்ளே இருக்கிற பொத்தான் பேட்டரியைக் கழட்டி மாட்டினா பெரும்பாலும் போயிரும். லேப்டாப்ல நிறைய மாடலுக்கு அது நடக்காது, போர்டையே மாத்தணும். நம்மளுது வெறும் விண்டோஸ் பூட்டுதான்" என்றான்.

விண்டோஸுக்குப் பதிலாக ஓடுகிற இலவச சிஸ்டமாம் லினக்ஸ் மின்ட், அதை ஏற்றின பென்டிரைவைச் சொருகினான். ஆன் பண்ணி எஃப்12 தட்டி, பென்டிரைவிலிருந்தே ஓட வைத்தான். உள்ளே இருந்த டிஸ்க் முழுசும் பாஸ்வேர்டே கேட்காமல் திறந்துகொண்டது! முதல் ஃபோல்டரிலேயே காதுகுத்துப் படங்கள்: மொட்டைத் தலையில் சந்தனம், தாய்மாமன் மடி, வாயெல்லாம் அழுகை. பாப்பாதான் போல. சட்டென்று மூடச் சொன்னேன்.

உங்கப்பா பட்டறையில் மாங்காய்ப் பூட்டை மூன்று தரம் வெடுக்கென்று இழுத்துப் பார்த்துவிட்டுத்தானே கையில் கொடுப்பார். இதை ஒரு இழுப்பு இழுத்திருந்தால் தூக்கிப் போட்டிருப்பார். டிஸ்க்கையே பூட்டி வைக்கிற விண்டோஸின் பிட்லாக்கர் போட்டிருந்தால் கதையே வேறாம். 48 இலக்கச் சாவி இல்லாமல் ஒரு படம்கூடத் தெரியாது என்கிறான் தம்பி.

கடைக்காரரிடம் சொல்லி வைத்தேன். விற்றவர் நம்பரைத் தேடிப் பிடித்துத் தகவல் சொல்லியிருக்கிறார், அந்த மட்டுக்கும் நல்ல மனுஷன். சாயங்காலம் ஒரு அம்மா கூப்பிட்டார். "அண்ணே, ஃபோன் தொலைஞ்சதுல படமெல்லாம் போச்சு. லேப்டாப்ல இருந்ததையே மறந்துட்டோம்." குரல் கம்மிவிட்டது. எல்லாவற்றையும் ஒரு பென்டிரைவில் ஏற்றிக் கடையில் கொடுத்துவிட்டு வந்தேன். வாங்கிக்கொண்டதாகச் சொன்ன பிறகுதான் டிஸ்க்கைத் துடைத்தோம்.

விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துபோச்சு, 11-ஐ இந்தக் கிழடு ஏற்காது. அதனால் மின்ட்டையே போட்டுவிட்டோம், காசும் மிச்சம். மகள் இரண்டு நாள் முணுமுணுத்தாள், இப்போது பழகிவிட்டாள்.

அது கிடக்கட்டும், உன் பழைய டெஸ்க்டாப்பை எக்ஸ்சேஞ்சில் தள்ளப் போகிறேன் என்றாயே, தள்ளிவிட்டாயா? இல்லையென்றால் வருகிற ஞாயிறு அதைத் தூக்கிக்கொண்டு வா, தம்பியை இருக்கச் சொல்கிறேன். உன் கல்யாணப் படமெல்லாம் அதில்தானே கிடக்கிறது? அப்படியே சிறுமலைப் பழம் ஒரு சீப்பு.

உன்
மாப்ள