என் கடனுக்காக என் அம்மாவ மிரட்டுறத நிறுத்துங்க - உங்க வசூல் ஆளுங்க மேல புகார்

நான் கடன் வாங்குன, உரிமம் உள்ள கடன் கம்பெனியோட மானேஜர் அவர்களுக்கு,

வணக்கம். கடன் வாங்குன அன்னிக்கு உங்க கவுண்டர்ல இருந்த அக்கா எல்லாத்தையும் தமிழ்லதான் விளக்குனாங்க, அதனால நானும் தமிழ்லயே எழுதுறேன். என் முழுப்பேர், கான்ட்ராக்ட் நம்பர் எல்லாம் இதோட இணைச்ச ஃபார்ம்ல இருக்கு. போன்ல பேசலாம்னு பாத்தா "உங்க ஃபைல வசூல் டீம் கிட்ட குடுத்தாச்சு, அவங்க கிட்டயே பேசிக்கோங்க"ன்னு வச்சிடுறாங்க. அந்த வசூல் டீம் பத்திதான் புகாரே, அவங்க கிட்டயே நான் எப்படி பேசுறது? அதான் நேரா உங்களுக்கு எழுதுறேன்.

போன வெள்ளிக்கிழமை ராத்திரி ஒம்பது மணிக்கு மேல ரெண்டு பேர் சிங்கப்பூர் உட்லண்ட்ஸ்ல இருக்குற எங்க வீட்டுக்கு வந்தாங்க. நான் வீட்ல இல்ல, ஃபுட் டெலிவரிக்குப் போயிருந்தேன். அம்மாவும் பாலிடெக்னிக்ல (பாலி) படிக்குற என் தங்கச்சியும் மட்டும்தான் இருந்தாங்க. அவங்க காலிங்பெல் அடிக்கல, வாசல் கேட்டப் பிடிச்சு ஆட்டி அடுக்குமாடி புளோக் முழுக்க கேக்குற மாதிரி என் பேரச் சொல்லி கத்தியிருக்காங்க, அம்மா கதவத் திறந்ததும் அதுல ஒருத்தன், தமிழ் ஆளுதான், எங்கம்மாவ விட ரொம்ப சின்னவன், "நீ புள்ளய வளத்த லட்சணம் இதுதானா, கடன் வாங்கத் தெரியுது கட்டத் தெரியலையா, உன் நகையக் கழட்டி வை"ன்னு நீ வா போன்னு பேசியிருக்கான். இன்னொருத்தன் போனத் தூக்கி அம்மாவையும் வீட்டுக்குள்ளயும் வீடியோ எடுத்திருக்கான். அம்மா காலைல நாலரைக்கு எழுந்து துப்புரவு வேலைக்குப் போறவங்க, இருபது வருஷத்துக்கு மேல அதே புளோக்ல இருக்காங்க, யார்கிட்டயும் ஒரு வெள்ளி, அதாவது ஒரு டாலர் கூட கைமாத்து வாங்குனது கிடையாது. அவங்க அன்னிக்கு ராத்திரி தூங்கவே இல்ல.

போகும்போது கேட்லயும் லிஃப்ட் பக்கத்துலயும் பேப்பர் ஒட்டிட்டுப் போயிருக்காங்க. என் பேர், வீட்டு நம்பர், "கடன் கட்டாதவன்"னு பெருசா எழுதி. மறுநாள் காலைல பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய்க்கார அம்மா) வந்து ஆ லாங், அதாவது உரிமம் இல்லாத கடன் முதலை, பிரச்சனையான்னு மெதுவா கேட்டாங்க, அவங்க வீட்ல சின்ன புள்ளைங்க இருக்கு, கதவுல பெயின்ட் ஊத்திடுவாங்களோன்னு அவங்களுக்கு பயம். உரிமம் வாங்கி, சட்ட அமைச்சோட பட்டியல்ல பேர் இருக்குற கம்பெனின்னு நம்பித்தான் உங்க கிட்ட வந்தேன். கடன் முதலை பண்ற வேலைய உங்க பேரச் சொல்லிக்கிட்டு வர்றவங்களும் பண்ணா, அப்புறம் எதுக்கு அந்த உரிமம்?

கடன் இருக்கு. இல்லன்னு நான் எங்கயும் சொல்லல. துவாஸ்ல கிடங்குல வேலை பாத்தேன், கான்ட்ராக்ட் முடிஞ்சதும் திரும்பப் புதுப்பிக்கல. அடுத்த தவணை வர்றதுக்கு முன்னாடியே உங்க கடை வாட்ஸ்அப் நம்பருக்கு, வேலை போயிடுச்சு, கொஞ்ச நாளைக்கு மாசம் 150 வெள்ளி கட்டுறேன், தவணைய மாத்திக் குடுங்கன்னு எழுதுனேன். ரெண்டு நீல டிக் விழுந்துச்சு, பதில் வரல. அதுக்கப்புறம் வந்தது வசூல் ஆளோட போன்தான்.

இப்ப கணக்குக்கு வரேன், இதத் தயவுசெஞ்சு பொறுமையா படிங்க. நான் வாங்குனது 2,000 வெள்ளி. அதுல 10 சதவீதம் நிர்வாகக் கட்டணம்னு 200 புடிச்சுக்கிட்டு 1,800 கைல குடுத்தீங்க. மாசம் 4 சதவீத வட்டி, எட்டு தவணை, ஒவ்வொண்ணும் 297 வெள்ளி. நாலு தவணை ஒழுங்கா கட்டிட்டேன், அது 1,188. புடிச்ச 200ஐயும் சேத்தா உங்களுக்கு வந்தது 1,388. உங்க ஆளுங்க இப்ப கேக்குறது 3,900. எப்படி வந்துச்சுன்னு கேட்டா "லேட் சார்ஜ், வசூல் சார்ஜ், வீட்டுக்கு வந்ததுக்கு சார்ஜ்"னு சொல்றாங்க, எழுத்துல குடுங்கன்னா "கோர்ட்ல பாத்துக்கோ"ங்குறாங்க.

2015 அக்டோபர் 1லேர்ந்து இங்க விதி என்னன்னு உங்களுக்கு என்ன விட நல்லா தெரியும். வட்டி மாசத்துக்கு 4 சதவீதத்தத் தாண்டக்கூடாது, அதுவும் மிச்சமிருக்குற அசலுக்குத்தான். லேட்டான தொகைக்குப் போடுற வட்டியும் அதே 4 சதவீதம்தான், அதையும் லேட்டான தொகைக்கு மட்டும்தான் போடலாம், முழுக் கடனுக்கும் போட முடியாது. லேட் ஃபீஸ் மாசத்துக்கு 60 வெள்ளிக்கு மேல போகக்கூடாது. இது எல்லாத்துக்கும் மேல ஒரு உச்சவரம்பு இருக்கு, வட்டி, லேட் வட்டி, நிர்வாகக் கட்டணம், லேட் ஃபீஸ் எல்லாம் சேத்து வாங்குன அசல தாண்டக்கூடாது. அப்ப என்னோட 2,000 கடனுக்கு நீங்க என்கிட்ட மொத்தமா வாங்கவே முடிஞ்சது 4,000. 1,388 ஏற்கனவே வந்தாச்சு. நான் எத்தனை வருஷம் கட்டாம இழுத்தாலும் மிச்சம் 2,612ஐத் தாண்ட சட்டத்துல வழியே இல்ல, இப்ப சில மாசம்தான் ஆகியிருக்கு, உண்மையான பாக்கி அத விட ரொம்ப கம்மியா இருக்கணும். வீட்டுக்கு வந்ததுக்கு சார்ஜ்னு ஒண்ணு அந்த விதியில கிடையாது. கோர்ட் தீர்ப்பு சொல்லி குடுக்கச் சொன்ன வழக்குச் செலவு மட்டும்தான் வேற வாங்கலாம், இன்னும் கோர்ட் பக்கமே யாரும் போகல.

வருஷத்துக்கு ரெண்டு தடவை, ஜனவரிலயும் ஜூலைலயும், கணக்கு விவரம் குடுக்கணும்னு இருக்கு. எனக்கு ஜனவரில ஒண்ணும் வரல. அது வந்திருந்தா இந்த 3,900ங்குற நம்பர அவங்க வாயிலேர்ந்து கேக்க வேண்டிய நிலைமையே வந்திருக்காது.

எல்லாத்த விடவும் எனக்குக் கோவம் வர்றது என் வேலை விஷயத்துல. ஒரு ஹோட்டல் கிச்சன்ல பார்ட் டைம் கிடைச்சு நல்லா போயிட்டிருந்துச்சு, நிரந்தரமாக்குறேன்னு சூப்பர்வைசர் சொல்லியிருந்தாரு. உங்க ஆளுங்க ஹோட்டல் ரிசப்ஷனுக்கே போன் போட்டு, எடுத்தவங்க கிட்ட எல்லாம் நான் கடன்காரன், ஓடிப்போயிடுவேன், பணப்பெட்டி பக்கத்துல விடாதீங்கன்னு சொல்லியிருக்காங்க. அடுத்த வாரத்துலேர்ந்து எனக்கு ஷிஃப்ட் கொறைஞ்சுபோச்சு. அந்த சம்பளத்துலேர்ந்துதான உங்களுக்குக் கட்டணும்? என் வருமானத்தக் கெடுத்துட்டு என்கிட்டயே பணம் கேக்குறதுல என்ன நியாயம் இருக்கு சொல்லுங்க. தங்கச்சிக்கு வேற தெரியாத நம்பர்லேர்ந்து "எந்த பாலின்னு தெரியும், அங்கயும் வருவோம்"னு மெசேஜ். அவ நம்பர நான் விண்ணப்பத்துல அவசரத் தொடர்புக்குன்னுதான் குடுத்தேன், மிரட்டுறதுக்குக் குடுக்கல. அம்மாவோ தங்கச்சியோ ஜாமீன் கையெழுத்துப் போடல. இந்தக் கடன அவங்க கிட்ட கேக்க யாருக்கும் உரிமை கிடையாது.

எங்க வட்டாரத்துக் குடும்ப சேவை மையத்துல ஒரு சமூக ஊழியர் அக்கா கூட உக்காந்து இதெல்லாம் படிச்சு தெரிஞ்சுக்கிட்டேன். முன்னாடி எனக்கும் ஒண்ணும் தெரியாது, கடன் வாங்குனவன் வாயத் திறக்கக்கூடாதுன்னுதான் நெனச்சிட்டிருந்தேன், என் வயசு பசங்க நெறைய பேர் அப்படித்தான் பயந்துக்கிட்டு ஒரு கடன அடைக்க இன்னொரு கடன் வாங்குறாங்க. வீட்டுக்கு வந்த ரெண்டு பேரும் உங்க ஊழியர்களா, வெளி கம்பெனி ஆளுங்களான்னு எனக்குத் தெரியணும். வெளி கம்பெனின்னா, 2022ல வந்த கடன் வசூல் சட்டப்படி அதுக்கு போலீஸ்கிட்ட உரிமம் இருக்கணும், வீடு வீடா அனுப்புற ஆளுங்களுக்கும் அனுமதி இருக்கணும். எங்கம்மா அடையாள கார்டு கேட்டதுக்கு அவங்க காட்டல. வெளி ஆளு செஞ்சது எங்களுக்குத் தெரியாதுன்னு மட்டும் சொல்லிடாதீங்க, எங்க வீட்டு விலாசம், தங்கச்சி நம்பர், நான் வேலை பாக்குற இடம் எல்லாம் உங்க ஃபைல்லேர்ந்துதான் அவங்க கைக்குப் போயிருக்கு.

தொல்லைக்கு எதிரான பாதுகாப்புச் சட்டம் 2014லேர்ந்து இருக்கு. வேணும்னே ஒருத்தர மிரட்டிப் பேசி மனவேதனை குடுத்தா 5,000 வெள்ளி வரைக்கும் அபராதம், ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல ரெண்டும். ஒருத்தரோட பேரையும் விலாசத்தையும் வெளிய போட்டு தொல்லை குடுக்குறதையும் 2019ல அந்தச் சட்டத்துக்குள்ள கொண்டு வந்தாங்க. இதுக்குன்னே 2021லேர்ந்து தனி நீதிமன்றம் இருக்கு, அங்க பாதுகாப்பு உத்தரவு கேட்டு மனு போட நான் தயாரா இருக்கேன். போலீஸ் ரிப்போர்ட் ஏற்கனவே குடுத்தாச்சு. ஒட்டுன பேப்பர், தங்கச்சிக்கு வந்த மெசேஜ், எதிர் வீட்டு அங்கிள் வாசல் கேமராவுல பதிவானது எல்லாம் பத்திரமா இருக்கு, காப்பி இதோட இணைச்சிருக்கேன்.

நான் கேக்குறது இதுதான். எங்க வீட்டுக்கோ, என் வேலை இடத்துக்கோ, என் குடும்பத்துல யாருக்குமோ இனிமே உங்க சார்பா யாரும் வரக்கூடாது, போன் போடக்கூடாது. எடுத்த வீடியோவ அழிச்சிட்டு அழிச்சாச்சுன்னு எழுத்துல குடுங்க. அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, லேட் ஃபீஸ் எவ்வளவுன்னு தனித்தனியா பிரிச்சு கணக்கு அனுப்புங்க, விதிக்கு வெளிய இருக்குற எல்லா சார்ஜையும் எடுத்துடுங்க. எங்கம்மாகிட்ட உங்க கம்பெனி சார்பா மன்னிப்புக் கடிதம் வேணும், தமிழ்ல, அவங்களே படிக்குற மாதிரி. இது எனக்கு மத்த எல்லாத்தையும் விட முக்கியம்.

பணத்துக்கு என் ஏற்பாடு: சரியான கணக்கு கைக்கு வந்த மாசத்துலேர்ந்து மாசம் 150 வெள்ளி, சம்பளம் வந்த மறுநாளே உங்க கம்பெனி பேங்க் கணக்குல போட்டுடுவேன், ஒவ்வொரு தடவையும் ரசீது வேணும். வசூல் ஆளுங்க கைல ஒரு காசு குடுக்க மாட்டேன். இதுக்கு ஒத்துக்க முடியலைன்னா கோர்ட்டுக்குப் போங்க, அது உங்க உரிமை, நான் வந்து நின்னு இதே கணக்கச் சொல்றேன்.

ரெண்டு வாரத்துக்குள்ள இந்த ஈமெயிலுக்கே எழுத்துல பதில் குடுங்க, போன் வேணாம். வரலைன்னா இந்தக் கடிதமும் இணைப்புகளும் கடன் கொடுப்போர் பதிவாளர் அலுவலகத்துக்குப் போகும். அம்மா இதப் படிச்சுப் பாத்துட்டாங்க, மன்னிப்புக் கடிதத்துல அவங்க பேர சரியா எழுதணுங்குறதுக்காக அதையும் ஃபார்ம்ல கீழ எழுதியிருக்கேன்.

இப்படிக்கு,
உங்க வாடிக்கையாளர்,
உட்லண்ட்ஸ்