முதுகுப்பக்கத்து விளக்கு

கோயம்புத்தூர்,
ஞாயிறு இரவு

அன்புள்ள மாடசாமிக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டி வலி குறைந்ததா? பொங்கல் முடிந்ததும் எழுதுகிறேன் என்று சொன்னவன், ஆடி பிறந்த பிறகு எழுதுகிறேன். நீ திட்ட ஆரம்பிப்பதற்குள் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் நம் பழைய மோரிஸ் மைனர் காரின் பின்னால் ஒரு பையன் ஸ்கூட்டரில் வந்து மோதிவிட்டான். பயப்படாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவனுக்கு முழங்கையில் கொஞ்சம் தோல் வழண்டது, நம் பம்பரில் ஒரு நெளிவு, அவ்வளவுதான். ஆனால் நான்கு நாளாக எனக்குத் தூக்கம் சரியில்லை. இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

திருச்சி ரோட்டில் சிங்காநல்லூர் பக்கம். தூரத்தில் சிக்னல் மஞ்சளுக்கு மாறியது. நான் எப்படி ஓட்டுவேன் என்று உனக்குத் தெரியும், உன் அப்பா பழக்கிய கால் இது. கியரை இறக்கி, பிரேக்கைத் தொட்டும் தொடாமலும் வைத்து, வண்டியை அதன் போக்கில் தளரவிட்டேன். நிற்கப் பத்தடி இருக்கும்போது பின்னால் டம்மென்று சத்தம். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. கதவைத் திறந்துகொண்டு இறங்கி, கத்துவதற்கு வாயைத் திறந்தேன். கீழே உட்கார்ந்திருந்த பையன் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னான்: "அங்கிள், லைட்டே எரியலையே!"

வீட்டுக்கு வந்ததும் உன் தங்கச்சியைக் கூப்பிட்டுக் காருக்குப் பின்னால் நிற்கவைத்தேன். ஓங்கி மிதித்தேன். "எரியுது" என்றாள். லேசாக மிதித்தேன். "எரியலை." இன்னும் கொஞ்சம். "எரியலை." இன்னும் கொஞ்சம். "எரியலைங்க, சாதம் அடிப்பிடிக்கும், நான் போகட்டுமா?" காலில் நல்ல பலம் கொடுத்த பிறகுதான் "ஆ, இப்ப எரியுது" என்று குரல் வந்தது. அந்தப் பையன் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. எத்தனை நாளாக இப்படி ஓட்டிக்கொண்டிருந்தேன்? எத்தனை பேர் கடைசி நொடியில் வண்டியை ஒடித்துத் திருப்பித் தப்பியிருப்பார்கள்? அதை நினைத்தால்தான் தூக்கம் போய்விடுகிறது.

நீயே யோசித்துப் பார். ஹெட்லைட் போனால் ரோடு இருட்டாகிவிடும், உடனே தெரியும். ஹாரன் போனால் காது சொல்லிவிடும். நம் மைனரில் திரும்பும்போது பக்கவாட்டிலிருந்து நீளுமே அந்தச் சின்னக் கை, அதைக்கூட ஓட்டுகிறவன் கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொள்ளலாம். பிரேக் விளக்கை மட்டும் ஓட்டுகிறவனால் பார்க்கவே முடியாது. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்களே, அதே கதை. யாரோ பின்னால் வருகிறவனுக்காகவே எரிகிற விளக்கு அது. எரியவில்லை என்றால் அந்த யாரோ ஒருவன் வந்து மோதித்தான் நமக்குச் சொல்லவேண்டியிருக்கிறது.

உன் அப்பா நினைவுதான் திரும்பத் திரும்ப வந்தது. வண்டி நிற்கப்போகிறது என்றால் வலது கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, உள்ளங்கையைக் கீழே பார்க்க வைத்து மேலும் கீழும் அசைப்பார். மழை பெய்தாலும் அசைப்பார். நாம் இரண்டு பேரும் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டு, "அப்பா காக்காய் விரட்டுறார்" என்று சிரிப்போம். 1989இல் வந்த சாலை விதிகளிலும் வேகத்தைக் குறைப்பதற்கு இதே சைகைதான். நிற்பதற்கு முன்கையைச் செங்குத்தாகத் தூக்கவேண்டும் என்று அவற்றில் இருந்தது. "வண்டியில லைட் இருக்கே, கை எதுக்கு?" என்று ஒருநாள் நீ கேட்டாய். "கை நீட்டினது எனக்குத் தெரியும்லே, லைட்டு எரிஞ்சுதான்னு எனக்கு எப்படிடா தெரியும்?" என்றார். அன்றைக்கு அது நமக்குப் புரியவில்லை. எனக்கு வியாழக்கிழமைதான் புரிந்தது.

சரி, பிரேக் விளக்கை எரியவைக்கிற சுவிட்சுக்கு வருகிறேன். நீ இதைப் பார்த்திருப்பாய், கட்டைவிரல் பருமன்தான். பிரேக் குழாய்கள் பிரிகிற பித்தளை யூனியனில் திருகியிருக்கும். பின்னால் இரண்டு ஒயர். அதில் லைட்டுக்குப் போவது லூகாஸ் கம்பெனியின் ஒயர் நிறக் கணக்குப்படி பச்சையில் ஊதாக் கோடு போட்டது. உள்ளே ஒரு மெல்லிய சவ்வு. பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலின் அழுத்தம் சவ்வைத் தள்ளும், சவ்வு ஒரு சின்ன உலோக வில்லையைத் தள்ளும், வில்லை இரண்டு முனைகளையும் தொட்டதும் விளக்கு எரியும். காலை எடுத்தால் ஸ்பிரிங் வில்லையைப் பழைய இடத்துக்கு அனுப்பிவிடும். இவ்வளவு எளிமையான சாமான் எப்படிக் கெட்டுப்போகும் என்றுதான் முதலில் நினைத்தேன். கழற்றி ராவி, பிளந்து பார்த்த பிறகு தெரிந்தது. இரண்டு முனையும் அடுப்புக்கரியாகக் கறுத்துக் கிடந்தன.

கணக்குப் போட்டுப் பார். இரண்டு பல்பும் 21 வாட். சேர்த்து 42. 12 வோல்ட்டுக்கு மூன்றரை ஆம்பியர். அமெரிக்காவின் பழைய 6 வோல்ட் கார்களாக இருந்தால் ஏழு ஆம்பியர்! அதுவும் பல்பு சூடான பிறகுதான் இந்தக் கணக்கு. குளிர்ந்த இழை முதல் கணத்தில் இதைப்போலப் பல மடங்கு இழுக்கும். அத்தனையும் அந்தச் சின்ன வில்லை வழியாகவே போகிறது. ஒவ்வொரு மிதிக்கும் ஒரு பொறி, ஒவ்வொரு பொறிக்கும் கொஞ்சம் கரி. கரி ஏறிய முனை லேசாகத் தொட்டால் கரண்ட் போகாது, அழுத்தித் தேய்த்தால்தான் போகும்.

இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. டிரம் பிரேக்கில் லேசாக மிதிக்கும்போது ஆயிலின் வேலை, டிரம்மை உரசி நிறுத்துகிற ஷூக்களை அவற்றின் ஸ்பிரிங்குக்கு எதிராக நகர்த்துவதிலேயே போய்விடும். ஷூ டிரம்மில் போய் உட்கார்ந்த பிறகுதான் குழாயில் அழுத்தம் விறுவிறுவென்று ஏறும். ஆக, என்னைப் போல மெதுவாகத் தளரவிட்டு நிறுத்துகிறவனுக்குத்தான் இந்தச் சுவிட்ச் தாமதமாக எரியும். பதறிப்போய் ஓங்கி மிதிக்கிறவனுக்கு உடனே எரிகிறது! இது எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது.

கறுத்துப்போன அந்தச் சுவிட்ச் போன வருஷம்தான் புதிதாக வாங்கிப் போட்டது. வாங்கிய கடையைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? 1955இல் வண்டியோடு வந்தது எத்தனை காலம் உழைத்தது என்று நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

இதற்கும் முந்தைய ஏற்பாடு ஒன்று உண்டு. உன் அப்பா கடையில் சுவரில் மாட்டியிருந்தாரே, ஒரு நீளமான ஸ்பிரிங் தொங்கும் தகர டப்பா, அதுதான். பிரேக் முழுக்கக் கம்பியும் கேபிளுமாக இருந்த காலத்தில் ஆயில் ஏது, அழுத்தம் ஏது? பிரேக் கம்பியில் ஒரு ஸ்பிரிங்கைக் கட்டி, அதன் மறுமுனையைச் சுவிட்சின் தண்டில் மாட்டுவார்கள். மிதித்தால் கம்பி நகரும், ஸ்பிரிங் தண்டை இழுக்கும், விளக்கு எரியும். நடுவில் ஸ்பிரிங் எதற்கு, நேராகக் கட்டினால் என்ன என்று நான் ரொம்ப நாள் நினைத்ததுண்டு. பெடல் நெடுந்தூரம் போகும், சுவிட்சின் தண்டோ கொஞ்சம்தான் நகரும். நேராகக் கட்டினால் முதல் மிதியிலேயே சுவிட்ச் பிய்ந்துவிடும். மிச்சத் தூரத்தை ஸ்பிரிங் நீண்டு ஏற்றுக்கொள்கிறது. இதை யோசித்தவன் கையில் ஒரு சோடா வாங்கிக் கொடுக்கவேண்டும். (உன் சோடா பாட்டில் கணக்கு இன்னும் பாக்கி இருக்கிறது, மறக்கவில்லை.)

அந்தச் சுவிட்சுக்கும் நோய் உண்டு. வண்டிக்கு அடியில் சேற்றிலும் தண்ணீரிலும் கிடப்பதால் தண்டு இறுகிப்போய், விளக்கு எந்நேரமும் எரிந்துகொண்டிருக்கும். எப்போதும் எரிகிற பிரேக் விளக்கும் எரியாத விளக்கும் பின்னால் வருகிறவனுக்கு ஒன்றுதான். ஆனால் அது ஒரு விஷயத்தில் உசத்தி: காலின் அசைவையே பார்த்து எரியும், அழுத்தத்துக்காகக் காத்திருக்காது. ஆயில் அழுத்தத்தில் வேலை செய்கிற ஹைட்ராலிக் பிரேக்குக்கு மால்கம் லாக்ஹீட் 1917இல் காப்புரிமை வாங்கினார். 1921இல் டூசன்பெர்க், 1924இல் கிரைஸ்லர் என்று அது பரவியது. ஃபோர்டு 1939 மாடலில்தான் மாறியது. பிரேக் எவ்வளவோ மேலானது. விளக்குச் சுவிட்சில் மட்டும் ஒரு படி பின்னால் போய்விட்டோமோ என்று எனக்குத் தோன்றுகிறது.

இதையெல்லாம் தேடிப் படித்தபோது ஒரு பெண்ணின் கதை கண்ணில் பட்டது. ஃப்ளாரன்ஸ் லாரன்ஸ். மௌனப்பட நடிகை, கனடாவில் ஹாமில்ட்டனில் பிறந்தவர். அப்போது பயோகிராஃப் கம்பெனி நடிகர்களின் பெயரை வெளியிடாது. ஜனங்கள் முகத்தை மட்டும் தெரிந்துகொண்டு "பயோகிராஃப் பெண்" என்றே அழைத்தார்கள். 1910இல் வேறு கம்பெனிக்குப் போன பிறகுதான் பெயர் வெளியே வந்தது. கார் என்றால் அவருக்கு உயிர். 1914 வாக்கில், காரின் பின்னால் ஒரு பலகையைப் பொருத்தினார். பிரேக்கை மிதித்தால் "ஸ்டாப்" என்ற எழுத்தோடு பலகை எழுந்து நிற்கும்! திரும்புவதற்கும் ஒரு ஏற்பாடு செய்திருந்தார், பொத்தானை அழுத்தினால் பின்னால் ஒரு கை உயரும், தாழும். காலை வைத்தால் பின்னால் சேதி போகவேண்டும் என்ற எண்ணம் ஒரு நடிகையின் மனதில் அத்தனை சீக்கிரமே முழுசாக வந்துவிட்டது. காப்புரிமை வாங்கவில்லை. ஒரு காசு வரவில்லை. அவருடைய அம்மா ஷார்லட் பிரிட்ஜ்வுட் 1917இல் மின்சாரத்தில் ஓடும் வைப்பருக்குக் காப்புரிமை வாங்கினார், அதிலும் பெரிதாக ஒன்றும் வரவில்லை. ஃப்ளாரன்ஸ் 1938இல் இறந்தார். 1991 வரைக்கும் அவர் கல்லறையில் பெயர்கூட இல்லை, மாடசாமி. அதைப் படித்துவிட்டு எழுந்துபோய் இருட்டில் காருக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இது உனக்குப் பிடிக்கும். 1970களின் தொடக்கத்தில் ஜான் வோவோட்ஸ்கி என்ற உளவியலாளர் சான் பிரான்சிஸ்கோவில் 343 டாக்ஸிகளின் பின்னால் நடுவில் கூடுதலாக ஒரு விளக்கு மாட்டினார். 160 டாக்ஸிகளைச் சும்மா விட்டார். வண்டி எவ்வளவு வேகமாகத் தளர்கிறதோ அதற்கேற்ப அந்த விளக்கு துடிக்கும். பத்து மாதம் கழித்துப் பார்த்தால், விளக்கு மாட்டிய டாக்ஸிகளைப் பின்னாலிருந்து மோதியது 60.6 சதவீதம் குறைவு! நம் சுவிட்ச் எரியும் அல்லது எரியாது, எவ்வளவு மிதித்தாய் என்று சொல்லத் தெரியாது. அதைச் சொல்லவைத்தார் பார், அங்கேதான் அவர் நிற்கிறார். பிறகு 1986 மாடலிலிருந்து அமெரிக்காவில் எல்லாக் கார்களுக்கும் மூன்றாவது பிரேக் விளக்கு கட்டாயமானது. அது துடிக்காது, வெறுமனே எரியும். எல்லோரும் அதற்குப் பழகிப்போன பிறகு பலன் 4.3 சதவீதத்தில் வந்து நின்றது. குறைவுதான், ஆனாலும் ஒரு நாட்டுக் கார்கள் அத்தனைக்கும் என்று பார்த்தால் எத்தனை முதுகெலும்பு!

நான் செய்த வேலையைச் சொல்கிறேன், தப்பிருந்தால் திருத்து. புது ஆயில் சுவிட்ச் ஒன்று போட்டு, குழாயில் புகுந்த ஏரை எடுத்தாயிற்று. அதோடு பெடலிலேயே கால் அசைந்ததும் எரிகிற மாதிரி ஒரு சாதாரணச் சுவிட்சும் மாட்டி, இரண்டையும் பேரலலாக இணைத்துவிட்டேன். எது முந்தினாலும் எரியும், ஒன்று செத்தாலும் மற்றொன்று இருக்கும். பல்பின் கரண்டைச் சுமக்க நடுவில் ஒரு ரிலே. மைனர் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும் என்பதை மறக்காமல்தான் ஒயரைக் கொடுத்திருக்கிறேன், நீ உடனே போனை எடுக்காதே. பல்பும் புதிது. பக்கத்து முளை ஒன்று மேலே ஒன்று கீழே இருக்கிற பல்பைக்கூட யாரோ புண்ணியவான் முறுக்கித் திருப்பிப் போட்டிருந்தான், ஹோல்டரை நிமிர்த்த அரைமணி ஆனது.

இன்றைக்குக் காலையில் அந்தப் பையன் வீட்டுக்கு வந்தான். பம்பருக்குக் காசு கொடுக்கிறேன் என்று கையில் கவரோடு வந்து நிற்கிறான்! நல்ல வளர்ப்பு. கவரை வாங்கவில்லை. அவனைத்தான் காருக்குப் பின்னால் நிற்கவைத்தேன். தொட்டும் தொடாமலும் மிதித்தேன். "எரியுது அங்கிள்." எடுத்தேன். "ஆஃப்." பத்துத் தடவைக்கு மேல் செய்திருப்பேன், பாவம், பொறுமையாகச் சொன்னான். உன் தங்கச்சி இட்லி போட்டு அனுப்பினாள்.

இப்போது உன் கதைக்கு வருகிறேன். உன் அம்பாசடரை நீ கடைசியாக எப்போது பார்த்தாய்? பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுகிற வண்டி அது. இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு நேரே ஷெட்டுக்குப் போ. ஆள் இல்லையென்றால் ராத்திரியில் வெள்ளைச் சுவருக்கு முதுகைக் காட்டி நிறுத்தி, லேசாக மிதித்துவிட்டுக் கண்ணாடியில் பார். சுவரில் சிவப்பு விழவேண்டும். இரண்டு பக்கமும் விழவேண்டும். ஓங்கி மிதித்துப் பார்த்துவிட்டு "நல்லா எரியுதுடே" என்று எனக்கு எழுதாதே, நீ அப்படிச் செய்யக்கூடியவன்தான். முடித்த பிறகு போன் பண்ணு, எத்தனை மணியானாலும் சரி.

அப்புறம், கடையைக் காலி பண்ணும்போது அப்பாவின் சாமான்களைப் பரணில் ஏற்றினோமே, அந்தப் பச்சைப் பெட்டியில் அந்த ஸ்பிரிங் சுவிட்ச் இருக்கிறதா என்று பார். இருந்தால் துடைக்காமல், எண்ணெய் போடாமல், அப்படியே அனுப்பி வை. அம்மாவுக்கு என் நமஸ்காரத்தைச் சொல்.

அன்புடன்,
உன் ராமு