வாசிப்பு மண்டபச் சீரமைப்பு: பணி நிறைவு அறிக்கை

கிளைச் சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் நீங்கள் எங்களிடம் ஒப்படைத்த வேலை முடிந்தது. நாம் படித்த பல்கலைக்கழகத்தின் பழைய வாசிப்பு மண்டபம் இப்போது ஒழுகுவதில்லை. கடைசி வரிசை வரை வெளிச்சம் இருக்கிறது. படியேற முடியாதவர்களும் பிறர் துணையின்றி உள்ளே வரலாம். சாவியை நிர்வாகத்திடம் கொடுத்துவிட்டோம். தணிக்கை செய்த வரவு செலவுக் கணக்கைத் தனியே இணைத்திருக்கிறோம். ரசீதுகளைச் செயலாளரிடம் யாரும் கேட்டுப் பார்க்கலாம்.

மேல்தள விரிசல்களை அடைத்து, நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு பூசினோம். பிறகு வடிகால் வாய்களை மூடி, இரண்டு நாள் தண்ணீர் தேக்கி வைத்துப் பார்த்தோம். உள்ளே ஈரம் தட்டவில்லை என்று உறுதியான பிறகே ஒப்பந்ததாரரின் கட்டணப் பட்டியலில் கையெழுத்திட்டோம். மேசை மட்டத்தில் 500 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் வேண்டும் என்பது நூலக வாசிப்பு இடங்களுக்கான ஐரோப்பியத் தர அளவு. அதையே இலக்காக வைத்து, மேசை மேசையாக ஒளி அளக்கும் மீட்டர் பிடித்துப் பார்த்தோம்.

சாய்தளத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். வாசல் உயரம் 45 செ.மீ. ஒப்பந்ததாரர் முதலில் கட்டியது 3.6 மீட்டர் நீளம். அதாவது 1:8 சரிவு, ஒரு பங்கு உயரத்துக்கு எட்டுப் பங்கு நீளம். பார்வைக்கு அழகாகத்தான் இருந்தது. சக்கர நாற்காலியில் வரும் நம் உறுப்பினர் ஒருவர் ஏறிப் பார்த்தார். பாதிக்கு மேல் கை வலுவிழந்து, நாற்காலி பின்னோக்கி நகர்ந்தது. பக்கத்தில் நின்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். பரவலாக ஏற்கப்பட்ட சரிவு 1:12. இந்த உயரத்துக்கு 5.4 மீட்டர் தேவை. முன்புறம் அவ்வளவு இடம் இல்லாததால் கட்டியதை உடைத்து, நடுவில் 1.5 மீட்டர் திருப்புமேடை வைத்து மடக்கிக் கட்டினோம். இதனால் மூன்று வாரம் தாமதம். வரைபடத்தைத் தொடக்கத்திலேயே அந்த உறுப்பினரிடம் காட்டியிருக்க வேண்டும். அது குழுவின் தவறு. மறுமுறை அவர் தானாகவே ஏறி வாசலில் திரும்பி நின்றார். அன்று வந்திருந்த யாரும் அதை மறக்க மாட்டார்கள்.

மாலைகளிலும் விடுமுறை நாள்களிலும் அக்கம்பக்கத்துப் பள்ளி மாணவர்களுக்கும் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கும் மண்டபம் திறந்திருக்க வேண்டும் என்பது நாம் வைத்த ஒரே நிபந்தனை. பொறுப்பாக யார் இருப்பார்கள் என்று நிர்வாகம் கேட்டது. நியாயமான கேள்விதான். முறை வைத்து நாங்களே இருக்கிறோம் என்றோம், ஒப்புக்கொண்டார்கள். தொலைவில் இருக்கும் முன்னாள் மாணவர் பணம் அனுப்பலாம். மாலை 6 மணிக்கு வந்து கதவைத் திறக்க உள்ளூர்க் கிளையால்தான் முடியும்.

இனிப் பராமரிப்பு. அமெரிக்காவின் வில்லியம்ஸ் கல்லூரியில் 1821-ல் தலைவரும் மாணவர்களில் ஒரு பகுதியினரும் விலகிப்போக, கல்லூரி நிலைக்குமா என்ற நிலை வந்தது. அப்போது முன்னாள் மாணவர்கள் கூடிச் சங்கம் அமைத்தார்கள். நெருக்கடி வந்தால் நாமும் அப்படித் திரள்வோம் என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. ஆனால் ஒரு கட்டடத்துக்கு வேண்டியது ஆண்டு தவறாத கவனிப்பு. யேல் பல்கலைக்கழக முன்னாள் மாணவர்கள் 1890-ல் தொடங்கிய நிதி அப்படிப்பட்டதுதான்: அவரவரால் இயன்றதை ஆண்டுதோறும் தருவது. அதேபோல் ஒரு பராமரிப்பு நிதியைத் தொடங்க வேண்டும் என்று குழு ஒருமனதாகப் பரிந்துரைக்கிறது. மீதித் தொகையை அதன் முதல் வைப்பாகப் போட அடுத்த பொதுக்குழுவில் உங்கள் ஒப்புதல் வேண்டும்.

வேலை நடந்த சனிக்கிழமைகளில் வந்து நின்றவர்களுக்கும், புத்தகங்களைத் துடைத்து எண் வரிசையில் அடுக்கிய ஓய்வுபெற்ற நூலகர்களுக்கும் குழுவின் நன்றி. மாலை முறைக்கு முதல் இரண்டு மாதத்துக்கும் பெயர்கள் நிரம்பிவிட்டன. மூன்றாம் மாத ஞாயிற்றுக்கிழமைகள் இன்னும் காலியாக உள்ளன. வர இயன்றவர்கள் செயலாளரிடம் பெயர் கொடுங்கள்.

இப்படிக்கு,
சீரமைப்புக் குழு