இரண்டு கட்டத்துக்குள் ஒரு குதிரை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. பொடி எழுத்தைப் படிக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லியும் நீ குறுக்கெழுத்துப் புதிரைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாய் என்று கடிதத்தின் அடியில் உன் மனைவி ஒரு வரி போட்டுக் கொடுத்திருக்கிறார். நான் யார் பக்கமும் பேசப் போவதில்லை. சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் விட்டுக்கொள்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். மகள் வேலை மாறிவிட்டாள்; சம்பளம் கூடியிருக்கிறது, தூக்கம் குறைந்திருக்கிறது. பேரன் எதற்கெடுத்தாலும் ‘ஏன்’ என்று கேட்கும் வயதுக்கு வந்துவிட்டான். பதில் சொல்லிச் சொல்லி எனக்கே பல விஷயங்களில் சந்தேகம் வந்துவிட்டது.

சரி, உன் புதிருக்கு வருகிறேன். ‘குதிரை’ என்று குறிப்பு, இரண்டு கட்டம், முதல் கட்டத்தில் ‘வா’. மேலிருந்து கீழாக வரும் ‘வானவில்’ சரி என்று சத்தியம் செய்கிறாய். ‘பரி’ பொருந்தவில்லை, ஆகவே புதிர் போட்டவர்தான் தப்பு என்று தீர்ப்பும் எழுதிவிட்டாய். அவசரப்படாதே. விடை ‘வாசி’. குதிரைக்கு அப்படியும் ஒரு பெயர் உண்டு. பரி, மா, புரவி, இவுளி, துரகம் என்று போகும் வரிசையில் அதுவும் நிற்கிறது. புத்தகத்தை வாசி என்று தினமும் சொல்லிக்கொண்டிருப்பதால் அதற்குள் இருக்கும் குதிரை கண்ணில் படுவதில்லை.

நீ கேட்டிருந்த பெரிய கேள்வி இதைவிட முக்கியம்: ஒரே பொருள் தரும் சின்னச் சின்ன மாற்றுச் சொற்களை எப்படித்தான் கண்டுபிடிப்பது? யானை என்று அகராதியில் தேடினால் ஒரு பட்டாளமே வருகிறது, எதை எடுப்பது என்று தெரியவில்லை என்கிறாய். என் அனுபவத்தில் பட்டியலில் தேடுவது கடைசி வேலை. முதலில் தேட வேண்டிய இடம் நம் வாய்.

குட்டிச் சொற்கள் பலவும் வழக்கொழிந்துவிட்டன என்று நினைக்கிறோம். அவை தனியாக நடமாடுவதை நிறுத்தியிருக்கின்றன, அவ்வளவுதான். கூட்டுச் சொற்களுக்குள் இன்னும் குடியிருக்கின்றன. பூங்கா என்கிறோம், அதன் வாலில் இருக்கும் ‘கா’ சோலை. கோயில் என்பதில் ‘கோ’ அரசன், ‘இல்’ வீடு. ஒரே சொல்லில் இரண்டு விடை. ஆநிரையில் ‘ஆ’ பசு. நாநயத்தில் ‘நா’ நாக்கு. பரிமேலழகர் என்று பள்ளிக்கூடத்தில் மூச்சுவிடாமல் சொல்வோமே, அந்தப் பெயரிலேயே ஒருவர் குதிரை மேல் உட்கார்ந்திருக்கிறார்.

இதெல்லாம் பழைய தமிழ் என்று நீ சொல்லக்கூடும். புதிதாக உண்டாக்கிய சொற்களைப் பார். எனக்கு அதிகம் கைகொடுப்பது இலக்கியத்தைவிட அறிவியல் பாடப்புத்தகம்தான். விண்கலம் என்று எடுத்துக்கொள். விண் என்றால் வானம், இரண்டு கட்டம். கலம் என்றால் கப்பல், மூன்று கட்டம். ஏவுகணையில் ‘கணை’, அதாவது அம்பு. வளிமண்டலத்தில் ‘வளி’, அதாவது காற்று. புவியீர்ப்பில் ‘புவி’. அனல் மின் நிலையத்தில் நெருப்பு, புனல் மின் நிலையத்தில் தண்ணீர். சுனாமிக்கு ஆழிப்பேரலை என்று பெயர் வைத்தபோது கடலைக் குறிக்கும் ‘ஆழி’யை மறுபடி புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். கலைச்சொல் ஆக்கியவர்களுக்கும் புதிர் போடுகிறவர்களுக்கும் தேவை ஒன்றுதான்: குட்டியாக இருக்க வேண்டும், பொருள் கெடக் கூடாது. அதனால் இருவரும் ஒரே பரணில் கை விடுகிறார்கள். ‘காற்று, இரண்டு எழுத்து’ என்று பார்த்ததும் காற்று சம்பந்தமான நீளச் சொற்களை வாய்விட்டுச் சொல்லிப் பார். நடுவிலிருந்து விடை தானாக உதிரும்.

இரண்டாவது வழி, குறிப்பின் வாலைப் பார்ப்பது. ஒழுங்காகப் போட்ட புதிரில் குறிப்பும் விடையும் ஒரே இலக்கண வடிவத்தில் இருக்கும். ‘பார்த்தான்’ என்று கேட்டால் விடை ‘கண்டான்’ போல ‘ன்’னில் முடியும். யோசிக்கும் முன்பே கடைசிக் கட்டத்தில் பென்சிலால் ‘ன்’ போட்டுவிடலாம். ‘ஓடி’ என்றால் வினையெச்சம், ‘ஓடிய’ என்றால் பெயரெச்சம். அந்த ஒரு ‘ய’ விடையையே மாற்றிவிடும். சந்தேகம் வந்தால் குறிப்பு இருந்த இடத்தில் விடையை வைத்து ஒரு வாக்கியம் சொல்லிப் பார். நாக்கு இடறினால் அது விடை இல்லை.

அப்புறம், நம் எழுத்தே பாதி வேலையைச் செய்துகொடுக்கிறது. ஆங்கிலத்தில் 26 எழுத்து, நமக்கு 247. ஆங்கிலக் கட்டத்தில் குறுக்கே வரும் ஒரு எழுத்தால் கொஞ்சம்தான் துப்பு கிடைக்கும். நமக்கு ‘வா’ என்று ஒரு கட்டம் நிரம்பினால் மெய்யும் உயிரும் சேர்ந்தே தெரிந்துவிடுகிறது. புள்ளி வைத்த எழுத்துக்கும் தனிக் கட்டம் தருகிறோம் அல்லவா, அங்கே பள்ளிக்கூட இலக்கணம் நேரடியாகப் பயன்படுகிறது. எந்தச் சொல்லும் மெய்யெழுத்தில் தொடங்காது; ஆகவே மேலிருந்து கீழ் ஒரு சொல் தொடங்கும் கட்டத்தில் குறுக்கே வரும் சொல் புள்ளி எழுத்தைக் கொண்டுவந்தால் இரண்டில் ஒன்று தவறு. ‘ங்’ விழுந்தால் அடுத்தது பெரும்பாலும் ககர வரிசை. ‘ஞ்’சுக்குப் பின் சகரம், ‘ந்’துக்குப் பின் தகரம். நடுவில் ‘க்’ வந்தால் அடுத்ததும் ககரமே. சக்தி, சப்தம் போன்ற வடசொற்கள் இதற்குக் கட்டுப்படாது, அவற்றை மன்னித்துவிடு. நன்னூலை மனப்பாடம் செய்யச் சொல்லி நம்மைப் படுத்தியதற்கு இந்த வயதில் ஒரு பயன் கிடைத்திருக்கிறது.

நன்னூல் என்றதும் ஞாபகம் வருகிறது. ஓரெழுத்து ஒருமொழி 42 என்று அதில் ஒரு கணக்கு உண்டு. நெடில் நாற்பது, குறிலில் ‘நொ’, ‘து’ என்று இரண்டு. ஒரே கட்டத்தில் ஒரு விடை எந்தப் புதிரிலும் வராதுதான். ஆனால் பூடகமான குறிப்பு போடுகிறவர்களுக்கு இந்த நாற்பத்திரண்டும் செங்கல் மாதிரி. ஒன்றோடு ஒன்று அடுக்கிப் புதுச் சொல் கட்டிவிடுவார்கள். ‘பாட்டும் குதிரையும் சேர்ந்தால் கண்ணனின் மனைவி’ என்றால் பா, மா, பாமா. ‘நெருப்பு, பாட்டு, காற்று சேர்ந்தால் பண்டிகை’ என்றால் தீ, பா, வளி. இதைக் கேட்டதும் பேரன்கூட ‘ஏன்’ கேட்காமல் சிரித்தான்.

இனி உன்னைக் குழப்பிய யானைக்கு வருகிறேன். இரண்டு கட்டமென்றால் கரி, பெண் யானையானால் பிடி. மூன்றென்றால் களிறு, வேழம், தும்பி, தந்தி, பகடு, நாகம், கைம்மா, அத்தி. நான்குக்கு வாரணம், ஐந்துக்குக் குஞ்சரம், மாதங்கம். களிறு என்றால் ஆண் யானை என்பதைக் கவனமான புதிர்க்காரர் குறிப்பிலேயே காட்டிவிடுவார். இந்த வரிசையில் பாதிக்கு மேல் வேறு வேலையும் பார்க்கிறது, கவனித்தாயா? கரி அடுப்பிலும் இருக்கிறது. தும்பி பறக்கிறது. தந்தி வீணையில் இருக்கிறது. அத்தி மரமாக நிற்கிறது. நாகம் படம் எடுக்கிறது. சொல் எவ்வளவுக்கெவ்வளவு குட்டியோ அவ்வளவுக்கவ்வளவு பொருள் அதன் தலையில் ஏறிக்கொள்கிறது. நல்ல புதிர்க்காரர் அந்த மூட்டையில் நாம் பார்க்காத பக்கத்தைக் காட்டுவார். ‘மலை எல்லை’ என்று ஒரு குறிப்பைப் பார்த்துவிட்டு, மலையின் எல்லைக்குத் தனிப்பெயர் என்ன என்று தேடினேன் என்று எழுதியிருந்தாயே, அங்கே இரண்டு சொல்லும் தனித்தனிக் குறிப்பு. மலைக்கும் வரை, எல்லைக்கும் வரை. குறிப்பைச் சேர்த்துப் படிக்காதே, நடுவில் வெட்டிப் படி. எந்த இடத்தில் வெட்டுவது என்பதில்தான் சுவாரசியமே.

இத்தனைக்கும் பிறகு வரவில்லை என்றால் நிகண்டை, அதாவது செய்யுளில் எழுதிய பழைய அகராதியைத் திற. அது ஏமாற்று வேலை என்கிற உன் கட்சியில் நான் சேர மாட்டேன். நிகண்டே இதற்காக எழுதியது போலத்தான் இருக்கிறது. திவாகர நிகண்டு தேவர், மக்கள், விலங்கு, மரம் என்று பொருள்வாரியாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் பெயர்களை அடுக்குகிறது. மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டிலோ பதினோராம் தொகுதி ஒரு சொல்லுக்குள்ள பல பொருள்களைச் சொல்வது, அதுவும் எதுகை வரிசையில். அதாவது சொல்லின் இரண்டாம் எழுத்தை வைத்து அடுக்கியிருக்கிறார். இரண்டாம் கட்டம் மட்டும் நிரம்பி முதல் கட்டம் காலியாக இருக்கும் நேரத்தில் இதைவிட என்ன வேண்டும்? வீரமாமுனிவர் 1732இல் முடித்த சதுரகராதியிலும் தொடை என்று எதுகைக்காக ஒரு பகுதி இருக்கிறது. செய்யுள் கட்டுகிறவனும் கட்டம் நிரப்புகிறவனும் அளவுக்குள் சொல்லைத் திணிக்கத் தவிக்கிறவர்கள்தானே.

ஒரு மனத்தாங்கலையும் சொல்லிவிடுகிறேன். கட்டத்தில் இடம் மிஞ்சிவிட்டது என்பதற்காக, யாருக்கும் தெரியாத ஒரு சொல்லை அகராதியின் அடியிலிருந்து தோண்டிப் போடுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. இந்த நோய் புதிரோடு பிறந்தது. ஆர்தர் வின் 1913 டிசம்பர் 21 அன்று ‘நியூயார்க் வேர்ல்ட்’ நாளிதழில் வைர வடிவத்தில் போட்ட அந்த முதல் புதிரிலேயே, கொமுதி என்ற பனையின் நாருக்கு மூன்று எழுத்தில் என்ன பெயர் என்று கேட்டிருக்கிறார். அன்றைக்கு எத்தனை பேர் பென்சிலை வீசியிருப்பார்களோ! நம் ஊர்ப் பத்திரிகைப் புதிர்களில் விடையின் எழுத்துகளை மாற்றி வைத்துவிட்டு ‘திரும்பியுள்ளது’, ‘குழம்பியுள்ளது’, ‘கடைசி எழுத்தைக் காணோம்’ என்று போடுகிறார்களே, அதைப் பலர் கேலி செய்கிறார்கள். நான் செய்ய மாட்டேன். 247 எழுத்தை வைத்துக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் சொல் கோப்பது லேசான காரியம் இல்லை. தெரியாத சொல் நேராக இருப்பதைவிடத் தெரிந்த சொல் தலைகீழாக இருப்பது மேல்.

உனக்கு மூன்று குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன். கண் ஆறும் வரை உன் மனைவியை வாசித்துக் காட்டச் சொல்; பென்சிலையும் அவரிடமே கொடு.

‘கடலில் கிடைத்த உத்தியோகம்’, இரண்டு எழுத்து.

‘பாம்பு செய்யும் தொண்டு’, இதுவும் இரண்டு.

‘முனிவர் கோபத்தில் எடுத்த வில்’, மூன்று.

மூன்றும் இரட்டைப் பொருள்தான், எங்கே வெட்டுவது என்று சொல்லிக்கொடுத்துவிட்டேன். நிகண்டைப் பார்த்தால் கோபிக்க மாட்டேன். ஆனால் நீ பார்க்க முடியாது, ஏனென்றால் என் சூடாமணியை நீ வாங்கிப் போனதாக எனக்கு நினைவு. நான் எடுத்துப் போனதாக நீ சொல்வாய். வீட்டில் ஒரு தடவை தேடிப் பார்த்து எழுது. கண்ணுக்கு அடுத்த பரிசோதனை என்றைக்கு என்பதையும் மறக்காமல் எழுது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக் கூட்டாளி