மலைமேலேயே கிடைக்கட்டும் தொழிற்பயிற்சி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கொல்லிமலையில் ஒரு நீரேற்று மோட்டார் புகைந்துபோனால், அதைப் பழுதுபார்க்க 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து காரவள்ளிக்கு இறங்குகிறோம். பல நேரம் சேந்தமங்கலம் வரை போக வேண்டியிருக்கிறது. மோட்டாரின் கம்பிச்சுருளைப் புதிதாகச் சுற்றத் தெரிந்தவர் எங்கள் ஊரில் இல்லை. ஆனால் பத்தாவது முடித்த பிள்ளைகள், மிளகு பறிப்பு முடிந்த கையோடு கூலி வேலை தேடி வெளியூர் பஸ் ஏறுகிறார்கள். பார்க்கவே மனம் கனக்கிறது.

மலைமேல் அரசு தொழிற்பயிற்சி நிலையம் இருப்பது பெரிய வரம். வெல்டர், வயர்மேன் பிரிவுகளுக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சியே போதும். மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. இதை அறியாத பெற்றோர் ஏராளம். தலைமையாசிரியர்கள் ஊர்க்கூட்டங்களில் எடுத்துச் சொல்ல வேண்டும்.

கடைக்கோடி ஊர்ப் பிள்ளைகள் தினமும் வந்துபோவது கடினம். அவர்களுக்கு, குறிப்பாகப் பெண்பிள்ளைகளுக்கு, விடுதி இடம் உறுதியாக வேண்டும். மோட்டார் பழுதுபார்ப்பு, மிளகும் காப்பியும் பதப்படுத்துதல் ஆகியவற்றில் மூன்று மாதக் குறுகியகாலப் பயிற்சியையும் அரசு தொடங்க வேண்டும். பயிற்சி முடிப்பவர்களுக்குக் கருவிப்பெட்டி ஒன்றையும் கொடுத்தனுப்பினால், மறுநாளே வேலையைத் தொடங்கிவிடுவார்கள்.

— வாசகர், செம்மேடு, நாமக்கல் மாவட்டம்