பெல்ட்டில் இப்போது எத்தனை கிலோ?

கீழக்கரை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகனுக்கு வாப்பா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே எல்லோரும் நலம். கச்சான் காற்று நிற்கவில்லை, கடல் கலங்கிக் கிடக்கிறது, யாரும் சங்கு குளிக்கப் போகவில்லை.

நீ அனுப்பிய போட்டோவை மூத்தவள், உன் லாத்தா, காட்டினாள். அந்தமான் ஹேவ்லாக்கில் படகு ஓரம் கறுப்பு முங்கு சட்டையோடு நிற்கிறாயே, அது. போன பெருநாளைக்கு வந்தபோது அதை முற்றத்தில் போட்டுக் காட்டினாய். முதுகு ஜிப்பு ஏறாமல் நான்தான் முழங்காலை உன் இடுப்பில் முட்டுக் கொடுத்து இழுத்தேன். இப்போது கழுத்தில் தொளதொளவென்று நிற்கிறது, கை வைத்தால் உள்ளே போகும். நோன்பில் இளைத்த இளைப்பு இல்லை இது. உம்மா இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் அடுப்படிக்குப் போய்விட்டாள். மருமகளைப் போட்டோவில் காணோம். அவள்தான் எடுத்திருப்பாள்.

சரி, நான் கேட்க வந்தது வேறு. முங்கும்போது இடுப்பு பெல்ட்டில் கட்டுகிற ஈயத்தைக் குறைத்தாயா?

உனக்குத் தெரியாதது இல்லை. சங்கு குளிக்கிறவன் மகன் தேசம் தேசமாக வருகிறவர்களுக்கு முங்கச் சொல்லிக் கொடுக்கிறான் என்று பள்ளிவாசல் திண்ணையில் நான் சொல்லாத ஆள் இல்லை. ஆனால் ஊராருக்குப் பெல்ட்டைச் சரிபார்க்கிறவன் தன்னுடையதைப் பார்க்கமாட்டான். நீ அப்படித்தான், சின்ன வயதிலிருந்தே.

மண்டபம் ஊரில் பவளப்பாறைக் கணக்கெடுப்புக்குக் காற்றுச் சிலிண்டர் கட்டி இறங்குகிற தம்பி ஒருவரிடம் விசாரித்தேன். கொழுப்பு தண்ணீரைவிட லேசு, ஆளை மிதக்க வைக்கும். அது 10 கிலோ கரைந்தால் ஈயத்தில் 1 கிலோ, 1.5 கிலோ கழற்றினால் போதும், 10-க்கு 10 கணக்கில்லை என்றார். கழற்றாவிட்டால் மிதக்கப் போடுகிற ஜாக்கெட்டில் காற்றைக் கூடுதலாக அடைக்க வேண்டும், கால் தாழ்ந்து பாறையில் இடிக்கும், சிலிண்டரும் சீக்கிரம் தீரும். ஆனால் கரைந்தது சதை என்றால் கணக்கே வேறாம். சதை தண்ணீரைவிடக் கனம். அது போனால் ஈயத்தைக் குறைக்கக் கூடாது. உனக்குக் கரைந்தது எது என்று நான் இங்கிருந்து எப்படிச் சொல்வேன்?

அதனால் ஒருநாள் வேலை இல்லாதபோது சோதித்துப் பார். ஜாக்கெட்டில் காற்றை எல்லாம் விட்டுவிட்டு, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் அசையாமல் நில். தண்ணீர் கண் மட்டத்துக்கு வர வேண்டும். மூச்சை விட்டால் மெல்ல இறங்க வேண்டும். முங்கி முடித்து சிலிண்டரில் காற்றின் அழுத்தம் 50 பார் மிஞ்சும்போது சோதி. நிறைந்த சிலிண்டருக்கும் அதற்கும் 2 கிலோ வரை வித்தியாசம் வரும் என்றார் அந்தத் தம்பி. பெல்ட்டையும் இறுக்கு. இடுப்பில் பிடிப்பு இல்லாமல் அடியில் கழன்று விழுந்தால் ஆளை மேலே தூக்கி எறியும். அந்த நேரம் மூச்சை அடக்கியிருந்தால் நுரையீரலே கிழியலாம். பெல்ட்டை இறுக்கு, மறக்காதே.

வாலைத் தீவுக்கு வெளியே அன்றைக்கு நடந்தது உனக்கு நினைவிருக்கும். நீ பத்தாவது படித்துக்கொண்டிருந்தாய். ஐந்து பாகத் தண்ணீர், முப்பது அடி இருக்கும். சங்குப் பை கட்டிய கயிற்றை நான் மூன்று முறை சுண்டி இழுத்தேன், நீ என்னைத் தூக்கினாய். உன் உள்ளங்கை இரண்டும் தோலுரிந்து போனது. கால் இழுத்துக்கொண்டது என்று உன்னிடம் சொன்னேன்.

கால் இழுக்கவில்லை, மகனே. துணியில் ஈயக்குண்டு தைத்துக் கட்டியிருந்தேனே, அது இடுப்பில் நிற்காமல் முழங்காலுக்கு இறங்கி இரண்டு காலையும் சேர்த்துக் கட்டிவிட்டது. முடிச்சு அவிழவில்லை. சின்னவள், உன் தங்கச்சி, மவுத்தாகி, அடக்கம் செய்து நாற்பது நாள் ஆகியிருந்தது. அத்தனை நாளும் நான் சரியாகச் சாப்பிடவில்லை. சோற்றைப் பிசைந்து, உம்மா பார்க்காத நேரம் கோழிக்குப் போட்டுவிட்டு எழுந்துவிடுவேன். கைலி இடுப்பில் நிற்கவில்லை, எனக்கே தெரிந்தது. குண்டைக் குறைத்தால் நான் இளைத்ததை எல்லோரும் கேட்பார்கள் என்று அப்படியே கட்டிக்கொண்டு இறங்கினேன்.

அந்த நாட்களில் நீயும் சாப்பிடவில்லை என்று லாத்தா இப்போதுதான் சொல்கிறாள். லீவு நாளெல்லாம் ஒரே வள்ளத்தில் போனோம், வந்தோம். தங்கச்சியைப் பற்றி ஒரு வார்த்தை உன்னிடம் நான் பேசவில்லை. உன்னைப் பேசவிடவும் இல்லை. அது என் தப்பு. வாய் திறக்காமல் இருக்க நீ என்னிடம்தான் கற்றுக்கொண்டாய்.

போனில் பேசினால் "வேலை இருக்கு வாப்பா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். உம்மா மாசிக்கருவாடு இடித்து வைத்திருக்கிறாள், அனுப்புகிறோம். சோறு வடித்துச் சாப்பிடு. கடைச் சாப்பாடு வேண்டாம். லீவு கிடைத்தால் வா, டிக்கெட்டுக்குப் பணம் நான் போடுகிறேன்.

பெல்ட்டில் முன்பு எத்தனை கிலோ, இப்போது எத்தனை என்று எழுது. மருமகளுக்கு சலாம் சொல். அவள் பக்கத்தில் இல்லையென்றால் அதையும் எழுது. நான் ஒன்றும் கேட்கமாட்டேன்.

இப்படிக்கு,
வாப்பா