கொட்டாங்குச்சிக் கரியில் காய்ந்த டிஸ்சார்ஜ் புக்

முடிச்சூர் மக்களுக்கும், அந்த நாட்களில் எங்கிருந்தோ வந்து எங்களோடு நின்றவர்களுக்கும் வணக்கம்.

முந்தாநாள் காலை அம்மாவின் போனில் பேங்க் மெசேஜ் வந்தது. குடும்ப ஓய்வூதியம், நிலுவையோடு சேர்ந்து கணக்கில் ஏறிவிட்டது. அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தார். அப்புறம் போனைச் சாமி மாடத்தில் வைத்துவிட்டு அப்பா படத்துக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றார். எனக்கு அப்போதே உட்கார்ந்து இதை எழுத வேண்டும் போலிருந்தது. கை நடுங்கியது, அதனால் இரண்டு நாள் தள்ளிப்போய்விட்டது.

டிசம்பர் வெள்ளத்தில் நம் தெருவுக்கு என்ன ஆனது என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எல்லார் வீட்டுச் சுவரிலும் அந்தக் கோடு இன்னும் இருக்கிறது. எங்கள் வீட்டில் அப்பா போய் அப்போது ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவருடைய கறுப்பு டிரங்குப் பெட்டி கட்டிலுக்கு அடியில் இருந்தது. மாடிக்கு ஓடும்போது அம்மாவைத் தூக்கினோம், மாத்திரைப் பையைத் தூக்கினோம். பெட்டியை யாருமே நினைக்கவில்லை. மூன்றாம் நாள் இறங்கி வந்து திறந்தபோது உள்ளே பாதி சேறு. அதற்குள் அப்பாவின் டிஸ்சார்ஜ் புக், ஊறிப்போன ரொட்டி மாதிரி கிடந்தது.

மிலிட்டரிக் குடும்பத்துக்காரர்களுக்கு அது என்னவென்று தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு சிப்பாய் பட்டாளத்தை விட்டு வரும்போது கையில் கொடுக்கும் சிறிய புத்தகம் அது. அவருடைய நம்பர், சேர்ந்த தேதி, உயரம், உடம்பில் உள்ள அடையாள மச்சம், வாங்கிய மெடல்கள், மனைவி பிள்ளைகள் பெயர், நடத்தை எப்படி என்று ஒரு வரி, எல்லாம் அதில்தான். அம்மாவின் பெயர் ஆதாரில் ஒரு மாதிரியும் பட்டாளத்துப் பதிவில் வேறு மாதிரியும் இருந்தது. குடும்ப ஓய்வூதியத்துக்கு, இரண்டும் ஒரே ஆள்தான் என்று காட்ட எங்களிடம் இருந்த சாட்சி அந்த ஒரு பக்கம். அதைப் பிரிக்கப் பார்த்தேன். ஓரம் கையோடு வந்துவிட்டது. அதற்குப் பிறகு தொடவே பயமாக இருந்தது.

இங்கேதான் நம் தெருமுனை இஸ்திரி அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் போட வேண்டாம் என்று அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். உங்கள் எல்லாருக்கும் அவரைத் தெரியும்.

அவருடைய வண்டியைத் தண்ணீர் இழுத்துக்கொண்டு போய்க் காலி மனையில் கவிழ்த்துப் போட்டிருந்தது. ஒரு சக்கரம் இல்லை. தேய்க்கக் கொடுத்திருந்த ஊரார் துணியெல்லாம் போயிருந்தது. அந்தக் கவலையோடுதான் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பாவின் இரண்டு சட்டைகள் அவரிடம் இருந்தனவாம். "அய்யா சட்டை கிடைக்கலைம்மா, மன்னிச்சுக்கோங்க" என்று சொல்லத்தான் வந்திருந்தார். போன மனிதருடைய சட்டைக்குக் கணக்குச் சொல்ல முழங்கால் சேற்றில் நடந்து வந்த மனிதர் அவர்.

வாசற்படியில் நான் அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் கையில் வாங்கவில்லை, குனிந்து பார்த்தார். "வெயில்ல வைக்காதீங்க, பலகை மாதிரி ஆயிடும். பிரிக்கவும் பிரிக்காதீங்க. கரி கிடைச்சா நான் பார்க்கறேன்" என்றார்.

கரிதான் கிடைக்கவில்லை. ஊர் முழுக்க ஈரம். அம்மா பரணில் அடுப்புக்காகச் சேர்த்து வைத்திருந்த கொட்டாங்குச்சி ஒரு சாக்கு இருந்தது. அண்ணன் அதை எரித்துக் கரியாக்கி இஸ்திரிப் பெட்டியில் போட்டார். எங்கள் மொட்டை மாடியில் நாலு செங்கல் அடுக்கி, அதன்மேல் ஒரு பலகை, பலகைமேல் அப்பாவின் பழைய வேட்டி இரண்டு. அவ்வளவுதான் அவருடைய கடை.

அவர் வேலை செய்த விதத்தை என்னால் மறக்க முடியாது. கங்கு சிவப்பாக இருக்கும்போது பெட்டியைக் கிட்டே கொண்டுவரவே இல்லை. சாம்பல் பூத்து அடங்கும்வரை காத்திருந்தார். விரலைத் தண்ணீரில் தொட்டுப் பெட்டியின் அடியில் வைப்பார். 'சுர்' என்றால் இன்னும் பொறுக்க வேண்டும். சத்தம் வரவில்லை என்றால்தான் எடுப்பார். முதலில் மேல் அட்டையைத் துணிக்கு நடுவில் வைத்து ஒற்றினார். தேய்க்கவில்லை, ஒற்றி ஒற்றி எடுத்தார். ஓரம் காய்ந்து தானாக லேசாக எழும்பியதும் அந்த இடுக்கில் வேட்டித் துண்டை நுழைத்து அடுத்த தாளைப் பிரித்தார். ஒரு தாளுக்கு அரை மணி நேரம் ஆனது. ஊதா நிற முத்திரை இருந்த இடங்களில் சூட்டைக் காட்டவே இல்லை. "இந்த மை ஓடிடும்" என்று வெறும் துணியை வைத்துக் கையால் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இருபது வருஷமாக எத்தனை பேர் சட்டைப் பையில் பேனா கசிந்ததைப் பார்த்திருப்பார்! மையைப் பற்றி அவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது.

இரண்டு முழு நாள். அந்த இரண்டு நாளில் அவர் தன் வண்டியைத் தேடப் போயிருக்கலாம். நிவாரணத்துக்கு வரிசையில் நின்றிருக்கலாம். நான் பணம் நீட்டியபோது அவர் முகம் சுருங்கிவிட்டது. "அய்யா சட்டைக்கு எவ்வளவு கஞ்சி போடணும், மெடல் குத்தற இடத்துல மடிப்பு விழாம எப்படித் தேய்க்கணும்னு அவர்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். ஜனவரி இருபத்தாறுக்கு முந்தின நாள் அவரே பக்கத்துல நின்னு பார்ப்பார். அவர் புத்தகத்துக்குக் காசு வாங்குவேனா?" என்றார்.

கடைசித் தாள்களில் ஒன்றைப் பிரித்தபோது, "இதுல என்னம்மா போட்டிருக்கு?" என்று கேட்டார். நடத்தை என்ற இடத்தில் ஒரே ஒரு சொல்: எக்ஸம்ப்ளரி. "மத்தவங்களுக்கு உதாரணமா இருந்தார்னு அர்த்தம்" என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு அந்தத் தாளை இன்னொரு முறை ஒற்றினார்.

அப்பா 1963-ல் வெலிங்டனில் பயிற்சிக்குச் சேர்ந்தவர். நாயக் என்ற படைப் பதவியோடு வெளியே வந்தார். 1971 டிசம்பரில், பாகிஸ்தானோடு நடந்த போரில், 16 மெட்ராஸில், அதாவது மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் பதினாறாவது பட்டாலியனில் இருந்தார். சகர்கர் பகுதியில் பசந்தர் ஆற்றைக் கடந்த பட்டாலியன்களில் அதுவும் ஒன்று. டாங்குகளுக்கு வழிசெய்ய சாப்பர்ஸ் எனும் பொறியியல் படையினர் குண்டுமழைக்கு நடுவில் கண்ணிவெடிகளை எடுத்தார்கள். அதைப் பற்றி அவர் எங்களிடம் பேசியது மிகக் குறைவு. "முன்னால போறவன் கால் வெச்ச இடத்துலயே கால் வெக்கணும்" என்பார், அதற்கு மேல் போகாது. ஆனால் ஒவ்வொரு வருஷமும் டிசம்பர் 16 அன்று ராத்திரிவரை சாப்பிட மாட்டார். அந்த ஆற்றங்கரையில் டாங்குக்குள்ளேயே உயிர்விட்டு பரம் வீர் சக்ரா பெற்ற அருண் கேத்தர்பாலின் பெயரைச் சொல்லி, "அந்தப் பையனுக்கு இருபத்தோரு வயசு" என்பார். அவரைப் பார்த்ததுகூட இல்லை அப்பா.

தன்னைப் பற்றிப் பேசாதவர், ரெஜிமென்டைப் பற்றிக் கேட்டால் விடமாட்டார். சின்ன வயதில் என்னைச் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குக் கூட்டிப்போய் மதில் ஓரமாக நடத்திக்கொண்டே சொல்வார். 1758-ல் பிரெஞ்சுக்காரர்கள் இந்தக் கோட்டையை முற்றுகையிட வந்தபோது, சிறு சிறு கூட்டமாக இருந்த சிப்பாய்களை பட்டாலியன்களாகச் சேர்த்தார்கள். மெட்ராஸ் ரெஜிமென்ட் தன் பிறந்த வருஷமாக அதைத்தான் சொல்லிக்கொள்கிறது. கோட்டைக்கு வெளியே நின்று முற்றுகைக்காரர்களுக்குத் தொல்லை கொடுத்த சிப்பாய்களின் தளபதி யூசுப் கான், நாம் மருதநாயகம் என்கிறோமே, அவர். தொப்பியில் இருக்கும் யானை 1803-ல் அசாயே போருக்காகக் கிடைத்த சின்னம். இதையெல்லாம் அப்பா பெருமையாகச் சொல்வார் என்றாலும், அந்தச் சிப்பாய்கள் யாருக்காகச் சண்டை போட்டார்கள் என்பதையும் மறைக்க மாட்டார். "கம்பெனிக்காரனுக்காகச் செத்தாங்க. நாங்க நம்ம நாட்டுக்காக நின்னோம்" என்பார்.

அவருக்குக் கோபம் வருவது ஒரே இடத்தில்தான். 1881 முதல் 1885 வரை மெட்ராஸ் படைக்குத் தலைமை வகித்த ராபர்ட்ஸ் என்ற வெள்ளைக்காரத் தளபதி, தென்னாட்டுச் சிப்பாய்கள் வடக்கத்தியர் அளவுக்குச் சண்டைக்கு லாயக்கில்லாதவர்கள் என்று கருதினார். சில இனங்களுக்குத்தான் வீரம் உண்டு என்ற எண்ணம் அந்தக் காலத்தில் வேரூன்றியது. கொஞ்சம் கொஞ்சமாக மெட்ராஸ் பட்டாலியன்களைக் கலைத்தார்கள். முதல் உலகப் போர் முடிந்து சில வருஷங்களில் சாப்பர்ஸ் தவிர மெட்ராஸ் காலாட்படை என்று எதுவுமே மிஞ்சவில்லை. இரண்டாம் உலகப் போரில் ஆள் தேவைப்பட்டதும் திரும்ப எழுப்பினார்கள். அந்தத் தம்பிகள் பர்மா வரை போய்ச் சண்டை போட்டார்கள். "நூத்தம்பது வருஷ சர்வீஸை ஒருத்தன் அபிப்பிராயத்தை வெச்சு அழிச்சாங்க" என்று அப்பா சொல்லும்போது, ஏதோ நேற்று அவருக்கே நடந்த மாதிரி இருக்கும்.

மாடியில் அந்தத் தாள்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தபோது எனக்கு இதுதான் நினைவில் ஓடியது. ரெஜிமென்ட்டின் கதை கல்வெட்டில் இருக்கிறது. நேப்பியர் பாலத்துக்குப் பக்கத்தில் நினைவிடம் இருக்கிறது. எங்கள் அப்பாவின் பங்கு இந்தத் தாள்களில் மட்டும்தான் இருந்தது. அதைச் சேற்றிலிருந்து எடுத்தவர் சரித்திரம் படித்தவர் இல்லை, எங்கள் வீட்டுச் சட்டைகளைத் தேய்த்தவர்.

மற்றவர்களையும் சொல்ல வேண்டும். படகோடு வந்து அம்மாவை நாற்காலியோடு தூக்கி இறக்கிய மீனவத் தம்பிகள். வேறு ஊர்களிலிருந்து வந்து நம் தெருச் சேற்றை அள்ளிய தூய்மைப் பணியாளர்கள். அவர்களில் ஒரு அக்கா கால்வாய் ஓரத்தில் கிடந்த அப்பாவின் பஷ்சிமி ஸ்டாரை, 1971 போரில் மேற்கு முனையில் நின்றவர்களுக்குக் கொடுத்த மெடலை எடுத்து, பின்னால் இருந்த நம்பரையும் பெயரையும் பார்த்து வீடு வீடாகக் கேட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். அடுத்த தெருவில் மூன்று வேளையும் சாம்பார் சாதம் கட்டிக் கொடுத்தவர்கள். வேலூர்ப் பக்கத்திலிருந்து அப்பாவின் பட்டாலியன் நண்பர் ஒருவர், தனக்கே கண் சரியாகத் தெரியாத நிலையில், பஸ் ஏறி வந்து சாட்சிக் கையெழுத்துப் போட்டார். ஒரு கவுன்ட்டரில் புத்தகத்தைப் பார்த்து முகம் சுளித்துத் திருப்பி அனுப்பினார்கள், அது போகட்டும். இன்னொரு மேசையில் ஒரு அம்மா, சுருங்கிப்போன தாள்களைத் தன் கைக்குட்டையை விரித்து அதன்மேல் வைத்துப் படித்தார். உங்கள் எல்லாருக்கும் நன்றி.

அந்த மேசையில் நடந்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன். கணவர் பெயர் என்ன என்று கேட்டார்கள். ஐம்பது வருஷத்துக்கு மேல் அம்மா அப்பா பெயரை வாயால் சொன்னதில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா அப்பாவின் ஆர்மி நம்பரை ஒரு எண் பிசகாமல் கடகடவென்று சொல்லிவிட்டார். கூடவே "நாயக், பதினாறு மெட்ராஸ்" என்றார். அவருக்கு அது மனப்பாடம் என்று எனக்கு அன்றுவரை தெரியாது. காலம் முழுக்க இன்லேண்ட் லெட்டரில் எழுதிய விலாசம் அல்லவா.

ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். நம் பகுதியில் முன்னாள் படைவீரர் வீடுகள் நிறைய இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வருகிறேன். டிஸ்சார்ஜ் புக், பென்ஷன் ஆர்டர், மெடல்கள் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து உங்கள் பிள்ளைகளின் போனிலும் போட்டுத் தருகிறேன். பெரியவர்கள் பேசத் தயாராக இருந்தால், அவர்கள் சொல்வதை நம் தமிழிலேயே எழுதி வைக்கிறேன். எந்த வருஷம் எந்த மலையில் காவல் நின்றார்கள், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதெல்லாம். என் அப்பாவிடம் நான் கேட்காமல் விட்டது நிறைய. உங்கள் வீடுகளில் இன்னும் கேட்க நேரம் இருக்கிறது.

இஸ்திரி அண்ணனுக்குச் சக்கரம் கிடைத்துவிட்டது. வண்டி பழைய இடத்திலேயே, வேப்ப மரத்தடியில், நிற்கிறது. காலை ஏழு மணிக்கு வந்துவிடுகிறார். துணி கொண்டு போங்கள். வீட்டில் கொட்டாங்குச்சி இருந்தால் அதையும் கொண்டு போங்கள்.

நன்றியுடன்,
ஒரு நாயக்கின் மகள்,
முடிச்சூர், சென்னை